வலப்பக்கம் படகுக்காரி

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி அதன்மேல் காலிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, "அக்கா, சீனி எடுத்துக்கிறேன்" என்று குரல் கொடுப்பாள். "கொஞ்சம் சீனி தருவீங்களா" என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. திருப்பித் தரும்போதும் அப்படித்தான். "வெச்சிருக்கேன், எடுத்துக்குங்க." கிண்ணம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே நிறைந்திருக்கும்.

நான் திருத்துறைப்பூண்டியில் சார்நிலைக் கருவூலத்தில் எழுத்தராக இருந்தேன். முதலில் விண்ணப்பம், அதன்மேல் ஒப்புதல், அப்புறம்தான் காரியம் என்று பழகியவள். அவள் காரியத்தை முடித்துவிட்டுத் தகவல் தருகிறவள். எப்படி எங்களுக்குள் ஒத்துப்போனது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. நாங்கள் பக்கத்து வீட்டில் இருந்த வருடங்கள் முழுவதிலும் அவள் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது ஒரே ஒரு முறை. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

கல்யாணமான நான்காவது மாதம் அவள் கணவர் சபுர் போய்விட்டார். வளைகுடாவுக்குப் பிழைக்கப் போவதை அவர்கள் வீட்டில் 'சபுர் போவது' என்றுதான் சொல்வார்கள். ஷார்ஜாவில் ஒரு பழைய கார் கிடங்கில் வேலை. ஜப்பானில் ஓடிய வண்டிகள் கப்பலில் வந்து இறங்கும். அவற்றைக் கழுவி, கீறல் போக்கி, முந்தைய சொந்தக்காரர் ஒட்டி வைத்ததையெல்லாம் உரித்து, புதுசுபோல ஆக்கி விற்பனைக்கு நிறுத்த வேண்டும். இவருடைய பங்கு உரிப்பது. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்து அவர் கூப்பிடுவார். செல்போன் ஊருக்குள் வந்த புதிது. எங்கள் சுவரோரம் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அதனால் அவர்கள் பேச்சில் பாதி எனக்கும் தெரியும். அவள் பக்கம்தான் நீளம். அவர் பக்கம் பெரும்பாலும் ஒரே சொல்.

"வேன் வாங்கப் போறேன் மச்சான்."

"சரி."

"பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்தி இறக்கப் போறேன்."

"சரி."

கார் ஓட்டப் படிக்கப் போகிற விஷயம் அவள் மாமியாருக்குத் தெரிந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த அம்மாள் வாசல் நாற்காலியில் தஸ்பீஹ் ஜெபமணியை உருட்டிக்கொண்டிருந்தார். அவள் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"மாமி, இன்னையிலேருந்து டிரைவிங் கிளாஸ் போறேன்."

"யாரைக் கேட்டு?"

"கேக்கல மாமி. சொல்றேன்."

மணி நின்றது. அந்த அம்மாள் சொன்னது இவ்வளவுதான்: "வெயில் அடிக்குது. குடை எடுத்துட்டுப் போ."

அந்த வீட்டில் ஆண் என்று இருந்தது அவளுடைய கொழுந்தன். கடைத்தெருவில் ஜவுளிக்கடை. நல்ல மனிதர்தான், ஆனால் ஊர் என்ன சொல்லும் என்பதைக் காலையும் மாலையும் நாடி பிடித்துப் பார்க்கிறவர். அண்ணன் மனைவியை அவர்கள் வீட்டில் மச்சி என்று கூப்பிடுவார்கள். "மச்சி, கடைக்கு வர்றவங்க கேக்குறாங்க" என்றுதான் அவர் எதையும் ஆரம்பிப்பார். "வர்றவங்க துணி வாங்கினாங்களா?" என்பாள் அவள். வாங்கினார்கள் என்பார். "அப்புறம் என்ன?" அவர் கடைக்குத் திரும்பிவிடுவார்.

வெள்ளை ஆம்னி வேன் வந்தது. என் மகளும் அதில்தான் போனாள். நான் அலுவலகம் போகும் வழி அதுதான் என்பதால் நானும் பல நாள் முன்சீட்டில் ஏறிக்கொள்வேன். வண்டிக்குள் சத்தம் காது கிழியும். எல்லாம் ஒரே பேச்சு: நேற்று சாயங்காலம் படகுக்காரி என்ன செய்தாள்?

அப்போது பிள்ளைகள் சேனல் ஒன்றில் ஜப்பான் நாட்டுத் தொடர் ஒன்று தமிழ்க் குரலில் வந்துகொண்டிருந்தது. ஒரு நகரம் மொத்தமும் வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கிறது. மாடிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகின்றன. நீல முடியும், தலையில் மஞ்சள் துணியும், முகத்தில் பாதியை அடைக்கும் கண்களுமாக ஒரு பெண் தோளில் துடுப்புடன் வருவாள். கூப்பிடுகிற ஆளைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அவர் சொல்லும் இடத்தில் விடுவாள். கதை அவ்வளவுதான். எங்கள் தெருவில் அதை நடுவில் விளம்பரம் வந்தாலும் எழுந்திருக்காமல் பார்த்த ஒரே பெரிய மனுஷி இவள்.

"பொம்மைப் படத்தை இப்படியா பார்ப்பாங்க? பிள்ளை இல்லாதவ, பொழுது போகணும்ல" என்று எதிர்வீட்டுக்காரம்மா ஒருமுறை இவள் காதில் விழும்படியே சொன்னார்.

"வண்டி நிறையப் பிள்ளைங்க இருக்குங்க. உங்க பேரனும் அதுலதான் இருக்கான். நாளைக்குச் சீக்கிரம் கிளப்பி விடுங்க, தினமும் ஹாரன் அடிச்சு எனக்குக் கை வலிக்குது" என்றாள் இவள்.

அந்தத் தொடரில் அப்படி என்ன இருக்கிறது என்று நானும் கேட்டிருக்கிறேன். வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னாள். "ஏறுறவங்ககிட்ட 'எங்க போகணும்'னு மட்டும்தான் கேப்பாக்கா. 'ஏன் போறே'ன்னு கேக்கவே மாட்டா. ஒரு நாளும் கேட்டதில்ல. நீங்க கவனிச்சுப் பாருங்க."

கவனித்தேன். உண்மைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை வழக்கத்துக்கு மாறாக அவள் கணவர் நீளமாகப் பேசினார். கிடங்குக்கு ஒரு கார் வந்திருந்ததாம். மூக்கு முதல் வால் வரை இதே மாதிரிப் பெரிய கண்ணுக்காரப் பெண் ஒருத்தியின் படம். கடையில் விற்கும் சின்ன ஒட்டுப்படம் இல்லை, கதவளவு, கூரையளவு. முதலாளி உரிக்கச் சொல்லிவிட்டார். உரிக்க இரண்டு நாள் ஆனதாம். "அவ முகத்தை மட்டும் கடைசியா வெச்சுக்கிட்டேன்" என்றாராம். உரிப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். அவள் பிரவுசிங் சென்டருக்குப் போய் அதை அச்செடுத்து வந்து சுவர்மேல் விரித்து வைத்தாள்.

"அங்கேயெல்லாம் வேலைக்குப் போற பெரிய ஆளுங்களே தனக்குப் பிடிச்ச பொண்ணைக் கார்ல ஒட்டிக்கிட்டுப் போவாங்களாம்க்கா. அதுக்கு 'வலிக்கிற வண்டி'ன்னே பேரு வெச்சிருக்காங்களாம்."

"யாருக்கு வலிக்குமாம்?"

"பாக்குறவங்களுக்குத்தான்!" அன்று அவள் சிரித்த சிரிப்பில் சுவர்மேல் இருந்த காகம் பறந்துபோனது.

அடுத்த ஞாயிறு தஞ்சாவூர் போனோம். எனக்கு அங்கே வேறு வேலை இருந்தது. அவளுக்கு இருந்த வேலை, தன் வேனில் படகுக்காரியை ஒட்டுவது. பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு பிளெக்ஸ் கடை. காதணி விழா, கட்சித் தலைவர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே சுவரில் காய்ந்துகொண்டிருந்தன. கடைக்காரர் கம்ப்யூட்டரில் படம் வரைவதில் கெட்டிக்காரர். இவள் கொடுத்த படகுக்காரி படத்தைப் பார்த்து, பெரிதாக்கினால் மங்கும் என்றும், தானே புதிதாக வரைந்துவிடுவதாகவும், ஒரு வாரம் கழித்து வரும்படியும் சொன்னார்.

ஒரு வாரம் கழித்துப் போனோம். திரையைத் திருப்பிக் காட்டினார். அழகான பெண்தான். ஆனால் படகுக்காரி இல்லை. கண்களை அளவாக்கியிருந்தார். நீல முடியைக் கருப்பாக்கியிருந்தார். மஞ்சள் துணியை எடுத்துவிட்டு மல்லிகைச் சரம் வைத்திருந்தார். நெற்றியில் செக்கச் செவேலென்று ஒரு பொட்டு.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருங்க இது?"

"நீங்க குடுத்த பொண்ணுதாம்மா. கொஞ்சம் லட்சணமா ஆக்கியிருக்கேன்."

"முடி ஏன் கருப்பு?"

"நீல முடி எங்கம்மா இருக்கு?"

"தலைத்துணி எங்க?"

"பூ வெச்சா நல்லா இருக்கும்னு…"

"பொட்டு?"

"பொட்டு இல்லாம பொம்பளப் பிள்ளை எப்படிம்மா? பாக்க நல்லாவா இருக்கும்? எத்தனை வருஷமா வரையறேன், பொட்டு வெக்காம ஒரு பொம்பளை முகத்தை நான் முடிச்சதே இல்ல. கை தானா வெச்சிரும்."

அவள் முக்காட்டை விரல் நுனியால் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாள். "என் நெத்தியைப் பாருங்க."

அவர் பார்த்தார். அந்த மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது. "ஐயோ, தப்பா நினைச்சுக்காதீங்கம்மா" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

"தப்பா நினைக்கலண்ணே. உங்க கை வெச்சிருச்சு, அவ்வளவுதான். நானும் நல்லாத்தானே இருக்கேன்? அவளும் அப்படியே இருக்கட்டும். பாருங்க, அவளும் என்னை மாதிரி தலையில துணி போட்டவ."

அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார். முடி நீலமானது. துணி திரும்பி வந்தது. பொட்டை அழிக்கும் நேரத்தில் மட்டும் ஒரு கணம் தயங்கி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு அழித்தார். அப்புறம் அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். "இன்னும் பெருசா?" "இன்னும்." "இன்னுமாம்மா?" "அவ கண்ணுல அந்த ஊர்த் தண்ணி மொத்தமும் தெரியணும்ணே." மதியச் சாப்பாட்டுக்கும் போகாமல் அச்செடுத்து வேனில் ஒட்டி முடித்தார். வலப்பக்கம் இரண்டு கதவையும் சேர்த்துப் படகுக்காரி நின்றாள். பின்கதவில் வெள்ளம் சூழ்ந்த நகரம்.

"லெஃப்ட் சைடு?" என்றார்.

"அது அப்படியே வெள்ளையா இருக்கட்டும். அதுக்கு ஆள் வரணும்" என்றாள். என்ன ஆள் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் ஏறி இறங்குகிற பக்கம், அழுக்காகும் என்று விட்டிருப்பாள் என நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

வண்டி ஊருக்குள் நுழைந்த அன்று நடந்ததை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். சுருக்கமாகச் சொல்கிறேன். கொழுந்தன் கடையை விட்டு ஓடி வந்தார். எதிர்வீட்டம்மா கன்னத்தில் கை வைத்தார். பிள்ளைகள் வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். மாமியார் நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்: "உருவப்படம் இருக்கிற வீட்டுக்கு மலக்குமார் வர மாட்டாங்க புள்ள." வானவர்களைச் சொல்கிறார். அதற்கு மட்டும் அவள் எதிர்ப்பேச்சு பேசவில்லை. "சரி மாமி, வீட்டுக்குள்ள கொண்டாரல" என்று சொல்லிவிட்டு, எங்கள் பக்கத்தில் சுவரை ஒட்டிக் கிடந்த காலி மனையில் வண்டியை நிறுத்தினாள். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, இங்க நிறுத்திக்கிறேன்" என்றாள். அன்றிலிருந்து படகுக்காரி என் சமையலறை ஜன்னலுக்கு நேரே நின்றாள். மாமியார் தன் பிடியை விடவில்லை. ஆனால் சாயங்காலம் தொடர் முடிகிற நேரத்தில் உள்ளறையிலிருந்து அவர் குரல் கேட்கும்: "ஏம்மா, இன்னைக்கு அந்தப் பொண்ணு கரை சேர்ந்துச்சா?"

தேர்தல் வந்தது. தலைவர்கள் படம், கட்சிக் கொடி எல்லாவற்றையும் மறைக்க வேண்டிய காலம். மன்னார்குடி சாலையில் பறக்கும் படையினர் எங்கள் வண்டியை மறித்தார்கள். அதிகாரி ஒருவர் இறங்கி வலப்பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தக் கட்சிம்மா இது?"

"கட்சி இல்ல சார்."

"மகளிரணித் தலைவியா? புதுசா இருக்கே."

"ஜப்பான்காரி சார். அங்க இவளுக்கு ஓட்டு இருக்கான்னு தெரியல. இங்க இல்ல."

பின்சீட்டில் பிள்ளைகள் ஒரே குரலில் "படகுக்காரி! படகுக்காரி!" என்று கத்த ஆரம்பித்தார்கள். அதிகாரிக்கு அது கோஷம்போலக் கேட்டிருக்க வேண்டும். "எதுக்கும் ஒரு துணி போட்டு மூடிருங்கம்மா" என்றார். "போடல சார். துடுப்பு எந்தக் கட்சிக்காவது சின்னமா இருந்தா சொல்லுங்க, துடுப்பை மட்டும் மூடுறேன்." அவர் உண்மையிலேயே தன் கையிலிருந்த சின்னப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். துடுப்பு இல்லை. சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

பாபநாசத்திலிருந்து பாலிடெக்னிக் மாணவர்கள் மூன்று பேர் ஒரே பைக்கில் வந்து இறங்கியதும் அந்த வருடம்தான். இணையத்தில் யாரோ போட்ட படத்தைப் பார்த்துவிட்டுத் தேடி வந்திருந்தார்கள். வண்டியைச் சுற்றி வந்து, முட்டிபோட்டு, படுத்துக்கொண்டு எல்லாம் படம் எடுத்தார்கள். அவள் சுவரோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஓனர் அண்ணன் இல்லையா?"

"ஓனர் நான்தான்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க… பார்ப்பீங்களாக்கா?"

"பார்க்காமலா ஒட்டுவாங்க?"

அப்புறம் அரை மணி நேரம் எனக்குப் புரியாத பேச்சு. தொடரில் வரும் கலங்கரை விளக்கத்துக் கிழவன் நல்லவனா கெட்டவனா என்று நான்கு பேரும் சண்டை போட்டார்கள். இந்தப் பக்கத்தில் தங்களைத் தவிர இதைப் பார்க்கிறவர்களே இல்லை என்று நினைத்திருந்தோம் என்று போகும்போது ஒருவன் சொன்னான். "நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றாள். பைக் தெருமுனை திரும்பும்வரை அந்த ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

இதெல்லாம் நடந்து சில வருடங்களில் வளைகுடாவில் வேலைகள் சுருங்க ஆரம்பித்தன. ஊரில் வீட்டுக்கு வீடு ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவள் கணவர் வேலை பார்த்த கிடங்கும் ஆட்களைக் குறைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை சுவரோரம் அவள் மட்டும் "சரி… சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ஒரேயடியாக ஊருக்கு வருகிறார்.

அன்று சாயங்காலம் கொழுந்தன் பேச வந்தார். இந்த முறை கடைக்கு வருகிறவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

"மச்சி, அண்ணன் வந்துட்டா நீங்க எதுக்கு வண்டி ஓட்டணும்? அண்ணனை நான் கடையில வெச்சுக்கிறேன். வேனை வித்துடலாம். ஆனா இந்தப் பொம்மையோட ஒருத்தனும் வாங்க மாட்டான். அண்ணன் வர்றதுக்குள்ள உரிச்சிடணும். அங்க அவர் நாளெல்லாம் இதைத்தான் உரிச்சிட்டுக் கிடந்தாரு. வந்து இறங்கினதும் அதே கண்ணு முன்னாடி நின்னா அவருக்கு எப்படி இருக்கும்?"

அந்தக் கடைசிக் கேள்வி அவளைத் தைத்தது. நான் பார்த்தேன். கணவரிடம் அவள் வேன் வாங்கியதைச் சொல்லியிருந்தாள், பிள்ளைகளைச் சொல்லியிருந்தாள், படகுக்காரியை மட்டும் சொல்லவில்லை. நடுவில் விடுமுறைக்கும் வராத அவர் வந்து பார்க்கட்டும் என்று வைத்திருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறவள் சொல்லாமல் வைத்த ஒன்று அதுதான்.

"வேற யாரும் அதுல கை வைக்கக் கூடாது. அவர் வந்து பார்க்கட்டும். அவர் கையால உரிச்சா உரிக்கட்டும். அப்புறம் நீங்க வித்துக்குங்க" என்றாள்.

"அப்ப நான் டாக்ஸி சொல்லிடுறேன், ஏர்போர்ட்டுக்கு."

"வேணாம். நான் என் வண்டியில போறேன். கேக்கல, சொல்றேன்."

திருச்சி விமான நிலையத்துக்கு அவள் ஓட்டினாள். முன்சீட்டில் கொழுந்தன். நடுவில் மாமியார். மாமியாருக்குத் துணைக்கு என்னை வரச் சொல்லியிருந்தாள். வழக்கம்போலச் சொன்னாள், கேட்கவில்லை. வடுவூர் ஏரியைத் தாண்டினோம். இருபுறமும் சம்பா பால் பிடித்து நின்ற காலம். தஞ்சாவூர் தாண்டி, பூதலூர் போகும் சாலை பிரிகிற இடத்தில் டீக்கு நிறுத்தியபோது மாமியார் மெதுவாக என்னிடம் கேட்டார்: "உரிச்சா, ரொம்ப நேரம் ஆகுமாம்மா?" தெரியவில்லை என்றேன். "முகத்தைக் கடைசியாத்தான் உரிப்பான்" என்றார் அவர்.

அவள் கணவர் வெளியே வந்தார். படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். தள்ளுவண்டியில் ஒரே ஒரு அட்டைப்பெட்டி, கயிறு போட்டுக் கட்டி, பெரிய எழுத்தில் பெயர் எழுதியது. போன ஊரிலிருந்து ஒரேயடியாக அனுப்பப்பட்டவர்களுக்கு ஒரு நடை உண்டு. அது அவருக்கும் இருந்தது. தாயிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். தம்பி தோளைத் தொட்டார். மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

வலப்பக்கம்தான் எங்களை நோக்கி நின்றது.

"அண்ணே, நான் எவ்வளவோ சொன்னேன். மச்சி கேக்கல. நீங்களே உரிச்சிடுங்க, உங்களுக்குக் கைவந்த வேலைதானே" என்றார் தம்பி.

அவர் அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்தார். கிடங்குக்கு வந்த வண்டியைப் பார்ப்பதுபோல ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்கதவு நகரத்தைப் பார்த்தார். இடப்பக்க வெள்ளையைப் பார்த்தார். திரும்ப வலப்பக்கம் வந்து பின்சக்கரத்துக்கு மேலே குனிந்தார். அங்கே வளைவில் படத்தின் ஓரம் கொஞ்சம் தூக்கியிருந்தது. கட்டைவிரல் நகத்தை அதற்கடியில் விட்டார்.

அவள் கையில் வண்டிச் சாவி. அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

நகம் உள்ளே போனது. அவர் வாயைக் குவித்து அதற்குள் ஊதினார். தூசு பறந்தது. சட்டை நுனியால் துடைத்தார். கட்டைவிரலை வைத்து, நடுவிலிருந்து ஓரம்வரை அழுத்திக்கொண்டே போனார்.

"யார் ஒட்டினது?"

"தஞ்சாவூர்ல" என்றாள் அவள்.

"படம் நல்லா வரைஞ்சிருக்கார். ஆனா வளைவுல சூடு காட்டாம ஒட்டிட்டார். அடுத்த கோடைக்குத் தாங்காது."

"அப்ப உரிச்சிடலாம்ல?" என்றார் தம்பி.

அவர் நிமிர்ந்தார். "அங்க உரிச்சது போதாதா? உரிக்கிறதுக்கா ஊருக்கு வந்தேன்?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு கொழுந்தன் வாயிலிருந்து விற்பது என்ற பேச்சை நான் கேட்டதில்லை. மாமியார் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கரை சேர்ந்துச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் அது நடந்தது. அவள் ஓரடி முன்னால் வந்தாள். குரல் அவளுடைய குரலாகவே இல்லை.

"மச்சான், ஒண்ணு கேக்கிறேன்."

எங்கள் எல்லாருக்கும் தூக்கிவாரிப்போட்டது. கொழுந்தன்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"இடப்பக்கம் உங்களுக்குன்னு வெச்சிருக்கேன். நீங்க ஒட்டித் தருவீங்களா?"

அவர் குனிந்து அட்டைப்பெட்டியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். சபுரிலிருந்து வந்த பெட்டியை வழியில் திறக்கும் வழக்கமே கிடையாது. வீட்டில், எல்லாரும் சுற்றி உட்கார்ந்த பிறகு, தாய் கையால்தான் திறப்பார்கள். "டேய், இங்கேயா?" என்றார் மாமியார். அவர் சோப்புகளையும் பவுடர் டப்பாக்களையும் ஒதுக்கிவிட்டு, துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்தார். சூடான காற்றை ஊதும் கருவி. கைப்பிடி தேய்ந்து பளபளத்தது. இத்தனை வருடம் உரிப்பதற்குச் சூடு காட்டியது. ஒட்டுவதற்கும் அதே சூடுதானாம். அதை அவள் கையில் கொடுத்தார்.

"பிள்ளைங்க ஏறுற பக்கம்தானே அது?"

"ஆமா."

"அப்ப அந்தப் பக்கம் படகு" என்றார்.

அடுத்த மாதம் அவரும் தஞ்சாவூர்க் கடைக்காரரும் சேர்ந்து, எங்கள் காலி மனையில் வைத்து அதை ஒட்டினார்கள். கருவிக்கு மின்சாரம் என் சமையலறையிலிருந்து போனது. "அக்கா, வயரை எடுத்துக்கிறேன்" என்று அவள் ஜன்னல் வழியாக இழுத்துக்கொண்டாள். விமான நிலையத்தில் கேட்ட மறுநாளே பழைய பழக்கம் திரும்பியிருந்தது.

எனக்குப் பிறகு மாற்றல் வந்தது. இப்போதெல்லாம் தஞ்சாவூர்ச் சாலையில் பெரிய கண்களை ஒட்டிய வண்டி ஒன்றிரண்டு கண்ணில் படுகிறது. ஓட்டுவது எல்லாம் இளைஞர்கள். நான் அவற்றை நின்று பார்ப்பேன். வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் மனதில் நிற்பது ஒரு திங்கட்கிழமைக் காலை. வெள்ளை வண்டியின் இடப்பக்கம் முழுவதும் ஒரு படகு, கதவு இருக்கும் இடத்தில் அதன் நடுப்பகுதி. அவள் ஹாரன் அடித்தாள். தெருப்பிள்ளைகள் பையோடு ஓடி வந்தார்கள். கதவு பின்னுக்குச் சறுக்கியது. ஒவ்வொரு பிள்ளையாகக் காலைத் தூக்கிப் படகுக்குள் வைத்து ஏறிக்கொண்டார்கள். என் மகள் மூன்றாவதாக ஏறினாள். வாசல் நாற்காலியில் இருந்து அந்த அம்மாள் கை தூக்கி அனுப்பி வைத்தார். அவள் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, எங்கே போக வேண்டும் என்று மட்டும் கேட்டாள். பிள்ளைகள் கத்திச் சொன்னார்கள். வண்டி கிளம்பியது.